நாலு பேர் சாட்சியாக எடை குறைப்பது எப்படி?

வாடகை ஒரு நாள் தள்ளிப்போனால் வீட்டுக்காரர் கேட்பார். வேலை தள்ளிப்போனால் மேலாளர் கேட்பார். "திங்கட்கிழமையிலிருந்து நடக்கப் போறேன்" என்று நமக்கு நாமே கொடுத்துக்கொண்ட வாக்கு மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும். எத்தனை திங்கட்கிழமை போனாலும் தட்டிக்கேட்க ஆளில்லை. அந்த ஆளை நாமே நியமித்துக்கொள்வதுதான் இந்த முறை. என்ன செய்யப்போகிறோம் என்று சிலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, செய்யாவிட்டால் நமக்கு உறைக்கிற மாதிரி எதையாவது இழக்கவும் ஒப்புக்கொள்கிறோம்.

இதை நான் இரண்டு தடவை செய்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை பந்தயத்தில் ஜெயித்தேன், ஆனால் அன்றைக்குக் காட்டிய எடை நிற்கவில்லை. இரண்டாம் தடவை நாலு வாரம் அபராதம் கட்டினேன், எடை குறைந்தது. சாப்பாடும் நடையும் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்பந்தம் எழுதின விதம்தான் வேறு. அதனால் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று இங்கே ஒரு வரிகூட இருக்காது.

யாருக்கு இது வேண்டாம்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, அடக்க முடியாமல் சாப்பிட்டுத் தீர்ப்பது போன்ற தொந்தரவு எப்போதாவது இருந்தவர்களும் கட்டாயம் தள்ளி நிற்க வேண்டும். பார்வையாளர்களும் அபராதமும் அந்த நோய்க்குத் தீனி போடும். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். சாப்பாட்டின் அளவு குறைந்தால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். கடனில் இருப்பவர்களும் சூதாட்டப் பழக்கம் உள்ளவர்களும் பணத்தைப் பணயம் வைக்காதீர்கள். பணம் இல்லாமலும் இதைச் செய்யலாம்.

இது எவ்வளவு தூரம் வேலை செய்யும்

நூறு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைந்த வலி பெரியது. டேனியல் கானெமன், ஏமாஸ் ட்வர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். எடை விஷயத்தில் இதைச் சோதித்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 57 பேர், 16 வாரம், இலக்கு 16 பவுண்டு, அதாவது சுமார் 7.3 கிலோ. ஒரு குழுவினர் தங்கள் கைக்காசைப் பணயம் வைத்தார்கள். இன்னொரு குழுவினருக்கு இலக்கைத் தொட்டால் குலுக்கல் பரிசு. மூன்றாம் குழுவினருக்கு மாதம் ஒருமுறை எடை பார்ப்பதோடு சரி. பணயம் வைத்தவர்கள் சராசரியாக 6.4 கிலோ குறைந்தார்கள். எதுவும் வைக்காதவர்கள் 1.8 கிலோ. பரிசுக் குழுவும் பணயக் குழுவுக்குச் சற்றுத்தான் பின்னால்.

அதே ஆய்வின் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். ஆய்வு தொடங்கி ஏழு மாதத்தில் திரும்ப எடை பார்த்தபோது, குறைந்ததில் கணிசமான பகுதி ஏறியிருந்தது. குழுக்களுக்கிடையே உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் மிஞ்சவில்லை. பணயம் போனதும் கட்டுப்பாடும் போய்விட்டது. கடைசிப் படியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

முதல் படி: எதற்கு வாக்குக் கொடுக்கிறீர்கள்?

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். நானும் விட்டேன். "இரண்டு மாதத்தில் 6 கிலோ" என்று நண்பர் ஒருவரிடம் பந்தயம் கட்டினேன். ஏழாம் வாரக் கடைசியில் நாலு கிலோதான் குறைந்திருந்தது. கடைசி இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்தேன், உப்பை நிறுத்தினேன், முதல் நாள் இரவு பட்டினி. காலையில் எடை மெஷினை ஹால் தரையிலிருந்து பாத்ரூம் வாசலுக்கு நகர்த்தினேன், அங்கே 400 கிராம் குறைத்துக் காட்டும். ஏறி நின்றபோது தலை சுற்றியது. பந்தயம் ஜெயித்தது. பத்தே நாளில் அந்த இரண்டு கிலோவும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இதில் உயிரே போயிருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடைப் பிரிவுக்குள் வருவதற்காகச் சூட்டில் வியர்த்து உடம்பின் நீரை வற்றவைக்கப் போய் ஆறு வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன்பிறகு அங்கே விதிகளையே மாற்றினார்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஓர் எண்ணைக் காட்டினால்தான் பணம் என்றால், மனிதன் எண்ணைக் குறைக்க வழி தேடுவான். கொழுப்பைக் குறைப்பது அதைவிட மெதுவான வேலை.

அதனால் அபராதத்தைக் கிலோவோடு கட்டாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் செயலோடு கட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள் 40 நிமிடம் நடப்பது உங்கள் கையில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிடாமல் இருப்பதும் அப்படித்தான். வியாழக்கிழமை காலை மெஷின் என்ன காட்டும் என்பது உங்கள் கையில் இல்லை. "ஆமா", "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும் ஒவ்வொரு செயலும். "ஆரோக்கியமாகச் சாப்பிடுவேன்" என்று எழுதினால் வாரா வாரம் பட்டிமன்றம்தான் நடக்கும். இரண்டு செயல் போதும், மிஞ்சினால் மூன்று. ஏழெட்டு எழுதுகிறவர்கள் இரண்டாம் வாரத்தில் காணாமல் போவார்கள்.

இரண்டாம் படி: எடையை எப்படிக் கணக்கில் வைப்பது

அபராதம் கிலோவின் மேல் இல்லை என்றால் எடையே பார்க்க வேண்டாமா? பாருங்கள், தினமும் பாருங்கள். ஆனால் வாரச் சராசரியை மட்டும் நம்புங்கள். ஒரு கிராம் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) உடம்பில் தங்கினால் கூடவே சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு கூடினாலும், மாதவிடாய் நெருங்கினாலும், வயிறு சரியாகப் போகாவிட்டாலும் முள் ஏறும். இதில் எதுவும் கொழுப்பு இல்லை.

ஓர் உதாரணம். முதல் வாரம் திங்களிலிருந்து ஞாயிறு வரை: 84.1, 83.6, 84.4, 84.9, 84.0, 83.7, 83.5. இரண்டாம் வாரம்: 83.8, 83.2, 83.9, 84.6, 83.7, 83.3, 83.1. முதல் செவ்வாயையும் இரண்டாம் வியாழனையும் மட்டும் பார்த்தவர் "ஒரு கிலோ ஏறிப்போச்சே" என்று தலையில் கை வைப்பார். சராசரி பார்த்தவருக்கு 84.0 என்பது 83.7 ஆகியிருக்கிறது, வேலை நடக்கிறது.

காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் ஏறி நில்லுங்கள். மெஷின் கெட்டியான, சமமான தரையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைக்கும்படி என் நடுவர், அதாவது என் ஒப்பந்தக் கணக்கைப் பார்த்து அபராதம் வாங்குபவர், சொன்னார். என் பழைய கதை அவருக்குத் தெரியும்.

எவ்வளவு குறையலாம்? வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. அதைவிட வேகமாகப் போனால் தசையும் சேர்ந்து கரையும், பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும். முதல் சுற்றுக்கு உடல் எடையில் 5 சதவீதம் நல்ல இலக்கு. 84 கிலோ உள்ளவருக்கு அது 4.2 கிலோ. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் நல்ல மாற்றம் தெரியத் தொடங்கும்.

மூன்றாம் படி: சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பது

முதல் தடவை நான் ஸ்டேட்டஸில் போட்டு ஊருக்கே சொன்னேன். வாழ்த்து குவிந்தது. கைதட்டு வாங்கியதில் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிறைவு வந்துவிட்டது, நான் இன்னும் செருப்பைக்கூட மாட்டவில்லை. மூன்றாம் வாரம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் இப்படிப்பட்ட ஆளாகப் போகிறேன் என்று பிறர் அறியச் சொன்னவர்கள், சொல்லாதவர்களைவிடக் குறைவாக உழைத்தார்கள் என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2009-இல் எழுதிய ஆய்வை ரொம்பப் பிறகு படித்தேன். என்னைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

அறிவிப்பது வேறு, கணக்குக் காட்டுவது வேறு. 2016-இல் 138 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்ததில், இலக்கை நோக்கி எவ்வளவு தூரம் வந்தோம் என்று அவ்வப்போது சரிபார்ப்பது பலன் தருகிறது, அதை எழுதி வைத்தாலோ பிறருக்குத் தெரியப்படுத்தினாலோ பலன் இன்னும் கூடுகிறது என்று தெரிந்தது. ஆக, ஊருக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். மூன்று பேருக்கு வாராவாரம் கணக்குக் காட்டுங்கள்.

அந்த மூவரில் ஒருவர் நடுவர். அவர் கணவராகவோ மனைவியாகவோ இருக்க வேண்டாம். ஒன்று மனசு கேட்காமல் விட்டுக்கொடுப்பார்கள், இல்லை என்றால் சாப்பாட்டு மேஜையே போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடும். கடன் கொடுத்தால் தேதி தவறாமல் திருப்பிக் கேட்கும் நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார், அவரைப் பிடியுங்கள். அவர் கேலி பேசாதவராகவும் இருக்க வேண்டும். உடல் பருமனைச் சொல்லிக் குத்திக்காட்டப்படுகிறவர்களுக்கு எடை குறைவதைவிட ஏறுவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "குண்டா" என்று செல்லமாகக் கூப்பிடும் நண்பர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் இந்தக் குழுவில் வேண்டாம்.

மற்ற இருவரில் ஒருவராவது எடை குறைக்க முயல்பவராக இருந்தால் உத்தமம். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், தனியாக வந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 76 சதவீதம் பேர்தான் கடைசிவரை இருந்தார்கள். நண்பர்களோடு வந்து, ஒருவருக்கொருவர் துணைநிற்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 சதவீதம் பேர் இருந்தார்கள். குறைத்த எடையை முழுவதும் தக்கவைத்தவர்கள் முதல் குழுவில் 24 சதவீதம், இரண்டாம் குழுவில் 66 சதவீதம்.

நான்காம் படி: எதைப் பணயம் வைப்பது

யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த டீன் கார்லன் என்ற பொருளாதார அறிஞர், படிக்கிற காலத்தில் சக மாணவரோடு பெரிய தொகைக்குப் பந்தயம் கட்டி எடை குறைத்தவர். பிற்பாடு சிலரோடு சேர்ந்து 'ஸ்டிக்' என்ற இணையச் சேவையைத் தொடங்கினார். வாக்குத் தவறினால் உங்கள் பணம் உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஓர் அமைப்புக்குப் போய்விடும்படியும் அதில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். விஷமத்தனமான யோசனை, ஆனால் காரணத்தோடு செய்தது. அபராதம் அநாதை இல்லத்துக்குப் போனால் "நல்ல காரியத்துக்குத்தானே" என்று மனசு சமாதானம் சொல்லும். எதிர்முகாமுக்குப் போகும் என்றால் மழையிலும் நடக்கத் தோன்றும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. என் பணம் நடுவரின் பைக்குப் போனது, அதில் அவர் எனக்கே எதிரில் உட்கார்ந்து காபி குடித்தார். அதுவே போதுமான தண்டனையாக இருந்தது.

தொகை எவ்வளவு? இழந்தால் அன்று முழுக்க முகம் வாடும், ஆனால் வீட்டுச் செலவு நிற்காது என்கிற அளவு. மொத்தத்தையும் முதல் நாளே நடுவரிடம் கொடுத்துவிடுங்கள். "தவறினால் தருகிறேன்" என்பதற்கு வலு கிடையாது. கொடுத்த பணத்தை 16 வாரத்துக்கு 16 பங்காகப் பிரியுங்கள், தவறிய வாரத்துக்கு ஒரு பங்கு போகும். கடைசி நாளில் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று வைத்தால், நடுவில் ஒருமுறை சறுக்கியதும் "முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு" என்று ஆளே மாறிவிடுவோம். சின்னச் சின்னப் பங்காக இருந்தால் அடுத்த வாரம் காப்பாற்றிக்கொள்ள ஏதோ மிச்சம் இருக்கும்.

பணம் வேண்டாம் என்பவர்கள் நேரத்தைப் பணயம் வைக்கலாம். தவறிய வாரம் நண்பர் வீட்டுப் பாத்திரம் முழுவதும் துலக்குவது, அவர் வண்டியைக் கழுவுவது.

ஒன்று மட்டும் கூடாது. சட்டையில்லாத படத்தை வெளியிடுவது, குழுவில் தன்னைத் தானே திட்டி எழுதுவது மாதிரி மானத்தைப் பணயம் வைக்கும் யோசனைகளை நிறையப் பேர் வீராப்பாகச் சொல்வார்கள். டென்வர் நகரின் ஒரு கொக்கைன் சிகிச்சை நிலையத்தைப் பற்றி, 2005-இல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் எழுதியிருக்கிறார். நோயாளி தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிக் கொடுப்பார், அவர் மருத்துவராக இருந்தால் உரிமம் வழங்கும் வாரியத்தின் பெயருக்கு. சோதனையில் பிடிபட்டால் கடிதம் தபாலில் போகும். உயிரைக் குடிக்கும் போதைக்கு அந்த அளவு துணிந்தார்கள். இடுப்பில் நாலு கிலோவுக்கு அது தேவையே இல்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம். இணையத்தில் போன படம் திரும்பி வராது.

ஐந்தாம் படி: எழுதிக் கையெழுத்துப் போடுவது

வாயால் பேசினால் நினைவு ஆளுக்கொரு விதமாக மாறும். ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். என்னுடையது இப்படி இருந்தது:

"வாரத்தில் 5 நாள், நாளுக்கு 40 நிமிடம் நடப்பேன். இரவு 8 மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். வாரத்தில் ஒரு நாள் விலக்கு. ஞாயிறு காலை 9 மணிக்குள் கணக்கு அனுப்புவேன். அனுப்பாத வாரம் தவறிய வாரம். காய்ச்சல், காயம், துக்கம் என்றால் அன்றைக்கே சொன்னால்தான் விலக்கு, மறுநாள் சொன்னால் கிடையாது. விதியை மாற்றலாம், மாற்றம் 7 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு, தொடர்ந்து இரண்டு வாரம் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பேன். நடுவர் சொல்வதே முடிவு."

அந்த 7 நாள் விதி 'பீமைண்டர்' என்ற இணையச் சேவையிலிருந்து எடுத்தது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு வரி கிடையாது. இரவு பதினோரு மணிக்குப் பசியோடு இருக்கும் நான், விதியை மாற்றலாமே என்று நினைப்பேன். அடுத்த வாரத்துக்குத்தான் மாற்ற முடியும் என்றால் மாற்றத் தோன்றாது. அதே சமயம் விதி உண்மையிலேயே தப்பாக இருந்தால் திருத்தவும் வழி இருக்கிறது.

ஆறாம் படி: வாராந்திரக் கணக்கு

நாலே வரி. என் ஆறாம் வாரச் செய்தியை அப்படியே தருகிறேன்: "வாரம் 6. நடை 4/5. இரவு 7/7. சராசரி 82.9, போன வாரம் 83.1. வியாழன் நடக்கவில்லை. மழை என்று சொல்ல ஆசை, தூங்கிவிட்டேன். ஒரு பங்கு போச்சு."

பதிலுக்கு நடுவர் அனுப்பியது: "எடுத்துக்கிட்டேன்." அவ்வளவுதான். அறிவுரை கிடையாது, ஆறுதலும் கிடையாது. நடுவர்களுக்கு நான் கொடுக்கும் ஒரே பயிற்சி இதுதான்.

ஏழாம் படி: சறுக்கும்போது

சறுக்குவீர்கள். அன்றைக்கே கட்டிவிட்டு மறுநாள் காலை நடக்கப் போங்கள். முதல் அபராதத்தை விட்டுக்கொடுக்கும் நடுவர் உங்களுக்குக் கெடுதல்தான் செய்கிறார். "இந்த ஒரு தடவை பரவாயில்லைடா" என்று சொல்லிவிட்டால் ஒப்பந்தம் அந்த நொடியே காகிதம் ஆகிவிடும். இதை ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லி வையுங்கள்.

தொடர்ந்து மூன்று வாரம் தவறினால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் விதியைப் பாருங்கள். ஐந்து நாள் நடை உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவராமல் இருக்கலாம். மூன்று நாளாகக் குறையுங்கள், 7 நாள் கழித்து நடைமுறைக்கு வரட்டும். சாப்பாட்டைப் பற்றியே நாள் முழுக்க நினைப்பு ஓடுகிறது, கணக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது, பொய் எழுதத் தோன்றுகிறது என்றால் மட்டும் மொத்தமாக நிறுத்திவிடுங்கள். மிச்சப் பணத்தைத் திருப்பித் தரும்படி நடுவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: இலக்கைத் தொட்ட பிறகு

பிலடெல்ஃபியாக்காரர்களுக்கு நடந்தது நமக்கும் நடக்கும். அதனால் 16-ஆம் வாரம் முடிகிற அன்றே அடுத்த தாளை எழுதுங்கள். இது இளகிய ஒப்பந்தம், குறைந்தது ஒரு வருஷத்துக்கு. நடை வாரம் மூன்று நாள். கணக்கு மாதம் ஒருமுறை. சராசரி எடை, முடித்த எடையிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அபராதம் கிடையாது. பழைய வாராந்திர ஒப்பந்தம் தானாக உயிர்பெறும், அவ்வளவுதான்.

என் இரண்டாம் தாள் 14-ஆவது மாதத்தில் இருக்கிறது. ஒரு தடவை, பயணமும் விருந்துமாகப் போன ஒரு மாதத்தில், 2.3 கிலோ ஏறி வாராந்திரக் கணக்குக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஐந்து வாரத்தில் கீழே வந்தது. நடுவர் இன்னும் அதே ஒரு சொல்லில்தான் பதில் அனுப்புகிறார். போன மாதம் அவரும் ஒரு தாளை நீட்டினார், அவருக்கு நடுவர் நான். முதல் வாரமே ஒரு பங்கு எடுத்துக்கொண்டேன்.